அலகிடுதல்

'ஸ்கேன்' என்ற வார்த்தை எனக்கு அறிமுகமானது ஆஸ்பத்திரியில் அல்ல, பி.ஏ. இரண்டாம் வருஷ ஆங்கில வகுப்பில். கரும்பலகையில் ஒரு கவிதை வரியை எழுதி, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது, எதில் விழவில்லை என்று கோடும் வளைவுமாகக் குறியிட்டுக் காட்டுவதற்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் அதன் பழைய அர்த்தமும் இதுதான். யந்திரமெல்லாம் பின்னால் வந்தது. தமிழில் அலகிடுதல் என்று கச்சிதமான சொல் இருக்கிறது. நேர், நிரை என்று பிரித்து வாய்பாடு சொல்லிவிட்டால் தளை தட்டுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அது கவிதையா என்பது மட்டும் தெரியாது. 1959ல் செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியதிலிருந்து இங்கே நடந்த சண்டைகளில் பாதி இதைச் சுற்றித்தான். அலகிட்டால் பிசகில்லாமல் வருகிற பிணங்கள் தமிழில் ஏராளம் என்பதை யாராவது சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆங்கில அகராதியில் இந்த வார்த்தைக்கு ஒன்றையொன்று மறுக்கிற இரு பொருள்கள். கூர்ந்து ஆராய்வது ஒன்று. மேலாகக் கண்ணோட்டிவிட்டுப் போவது மற்றது. எது எந்த இடத்தில் என்பதை வாக்கியம்தான் தீர்மானிக்க வேண்டும். 2022 ஆவணி முதல் மறு வருஷம் வைகாசி வரை, என் அத்தை விஷயமாக, டாக்டர்கள், உறவினர், அடுத்த வீட்டுக்காரர், ஆட்டோ டிரைவர் என்று பலர் வாயிலிருந்தும் இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் முதல் அர்த்தத்தில்தான் சொன்னார்கள்.

நோயைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிறவன்மீது ஒரு சந்தேகம் விழுவது நியாயம். புற்றைச் சமூகத்துக்கோ நாகரிகத்துக்கோ உருவகமாக்கிவிடுவான் என்ற சந்தேகம். ஸூஸன் ஸாண்டாக், தாமே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற பிறகு 1978ல் வெளியிட்ட சிறு புத்தகத்தில் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகச் சாடினார். நோய்க்கு அர்த்தம் கற்பிப்பது நோயாளியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது என்ற அவருடைய நிலையை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆகவே அத்தையின் நோய்க்கு இங்கே எந்த அர்த்தமும் சொல்லப்போவதில்லை. நான் எழுத நினைப்பது படத்தைப் பற்றி, படத்தைப் படிப்பதைப் பற்றி, படித்ததை வார்த்தையாக்குவதைப் பற்றி. இவை மூன்றும் நமக்கு அந்நியமான காரியங்கள் அல்ல.

அத்தைக்கு அப்போது 61 வயது. கும்பகோணத்தில் வாசம். தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டை நிமிர்த்தி வைத்தவள். இதற்குமேல் அந்த உறவை விஸ்தரிக்க எனக்கு இஷ்டமில்லை. அவள் சொன்ன குறை ஒன்றே ஒன்று. சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது இட்லியில் வயிறு நிரம்பிவிட்டது என்பாள். ரவிக்கை தொளதொளத்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஒரு மாடி அறை; கருவின் பாலினம் இங்கே சொல்லப்பட மாட்டாது என்ற பலகை — 1994ம் வருஷத்துச் சட்டத்தின் பலனாக எல்லா ஸ்கேன் சென்டரிலும் தொங்குகிற பலகை; வயிற்றில் குளிர்ந்த பசை; பத்து நிமிஷம். 'வயிறு ஸ்கேன் நார்மல்' என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு மூன்று மாதம் வாயுவுக்கு மாத்திரை.

அந்த ரிப்போர்ட்டை நான் படித்தது அவள் இறந்த பிறகு, மஞ்சள் பையில் இருந்த மற்றக் காகிதங்களோடு சேர்த்து. ஒரு பிரதியைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தேன். கல்லீரலுக்கு இரண்டு வாக்கியம், கொஞ்சம் கொழுப்பு இருப்பதாக. பித்தப்பையில் கல் இல்லை. மண்ணீரல் இயல்பான அளவு. சிறுநீரகங்கள் இரண்டும் சரி. கணையத்துக்கு வரும்போது, குடல் வாயு மறைப்பதால் முழுமையாகக் காண இயலவில்லை என்று ஒரு வரி. இரைப்பையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இல்லாததில் ஆச்சரியமும் இல்லை. அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி. காதுக்கு எட்டாத ஒலியை, நொடிக்கு 30, 35 லட்சம் அதிர்வு என்ற கணக்கில், உடம்புக்குள் அனுப்பித் திரும்பி வரும் எதிரொலியிலிருந்து படம் வரைகிறார்கள். திடமான உறுப்பிலும் நீர் நிறைந்த பையிலும் இது நன்றாக வேலை செய்யும். காற்றை எதிர்ப்பட்டால் ஒலி ஏறக்குறைய முழுசாகத் திரும்பிவிடும். அதற்கு அப்பால் இருட்டு. இரைப்பையும் குடலும் காற்றடைத்த பைகள். எனவே சாதாரண வயிற்று ஸ்கேனில் அவற்றைத் தேடுவதே வழக்கமில்லை. எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. தாம் பார்த்த உறுப்புகளின் பெயர்களை எழுதினார். பார்க்காததன் பெயரை எழுதவில்லை.

சிக்கல் தமிழில்தான். அடிவிலாவிலிருந்து இடுப்பு வரையிலான பிரதேசம் முழுமைக்கும் நாம் வயிறு என்கிறோம். சாப்பாடு போய் விழுகிற பைக்கும் வயிறு என்கிறோம். இரைப்பை பாடப்புத்தகத்துச் சொல். அதை யாரும் வாயால் உச்சரித்துக் கேட்டதில்லை. 'வயிறு ஸ்கேன் நார்மல்' என்று ஒருவர் பிரதேசத்தை நினைத்துச் சொன்னார். கேட்டவள் பையை நினைத்துக்கொண்டாள். சொன்னதும் சரி, புரிந்துகொண்டதும் சரி. நடுவில் மூன்று மாதம் போயிற்று.

ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று ஒரு தலைப்பு இருக்கும். மேலே உறுப்பு உறுப்பாகச் சொன்னதையெல்லாம் திரட்டி ஒரு வரியில் சொல்லும் இடம் அது. நம்மிடையே க.நா.சு.வின் ரசனை விமர்சனம், செல்லப்பாவின் அலசல் விமர்சனம் என்று இரண்டு வழிகளைப் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். ரேடியாலஜி ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன: மேல்பாதி அலசல், கீழே மனப்பதிவு. அவசரமுள்ள டாக்டர் கீழ்வரியைத்தான் படிப்பார். க.நா.சு.வின் பட்டியலை மட்டும் படித்துவிட்டு அவர் கட்டுரைகளைப் படித்துவிட்டதாக நினைக்கிறவர்கள் நம்மிலும் உண்டு. கீழ்வரியில் 'குறிப்பிடத்தக்க பழுதொன்றுமில்லை' என்று இருந்தது. கணையம் தெரியவில்லை என்ற மேல்வரிக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது.

அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் என்று நான்கு தனித்தனி யந்திரங்களுக்கு நாம் ஸ்கேன் என்ற ஒரே பெயரை வைத்திருப்பது இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணம். 'பெரிய ஸ்கேன்' என்று ஒரு தரவரிசை மட்டும் ஜனங்களிடம் இருக்கிறது. விலை ஏற ஏறப் பார்வையும் கூர்மையாகும் என்ற நம்பிக்கை. உண்மையில் ஒவ்வொன்றும் உடம்பிடம் வெவ்வேறு கேள்வி கேட்கிறது. ஒன்று எதிரொலியைக் கேட்கிறது. சி.டி. என்பது எக்ஸ்ரே நிழல்களின் கூட்டுக் கணக்கு. இசைத்தட்டுக் கம்பெனியான இ.எம்.ஐ.யில் என்ஜினீயராக இருந்த ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த யந்திரம், 1971 அக்டோபர் 1ந் தேதி விம்பிள்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 80 கட்டத்துக்கு 80 கட்டம் என்ற அளவில் இருந்த அந்தக் கொரகொரப்பான படத்துக்காக அவருக்கும் கார்மாக்குக்கும் 1979ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெயரிலேயே அலகும் இருக்கிறது: தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000. சதையின் வகைகளெல்லாம் தண்ணீருக்குச் சற்று மேலே சில பத்து அலகுகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நல்ல சதையும் கெட்ட சதையும் அங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். எம்.ஆர்.ஐ. உடம்பிலுள்ள ஹைட்ரஜனை விசாரிக்கிறது, முக்கியமாக நீரிலும் கொழுப்பிலும். பெட் சர்க்கரைப் பசியை அளக்கிறது.

எந்த யந்திரமும் புற்றைக் கேட்பதில்லை. அடர்த்தி, எதிரொலி, நீர், சர்க்கரை. இவற்றிலிருந்து புற்றை ஊகிக்கிறார்கள். கல்லீரல் போன்ற சில இடங்களில் படத்தை வைத்தே தீர்மானிக்க முடிகிறது என்பதை மறுக்கவில்லை. மற்றப்படி புற்று என்ற சொல்லைச் சொல்லும் அதிகாரம் துணுக்குச் சதையை வெட்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பவரிடம் இருக்கிறது. நாம் கவிதையில் படிமம் என்று சொல்லிக்கொண்டிருந்த 'இமேஜ்' வேறு, இது வேறு. கவிதையில் படிமத்துக்குப் பின்னால் போய்ச் சரிபார்க்க எதுவுமில்லை, அதுவே முழுசு. இங்கே படிமம் வெறும் சாட்சி.

சாட்சி எப்போது கூண்டில் ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கூட்டு வட்டி போடத் தெரிந்தவனுக்கு இது எளிது. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி 30 தடவை இரட்டித்தால் சுமார் 100 கோடி. ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு கிராம் எடை. படத்தில் கொஞ்சம் நம்பிக்கையோடு சுட்டிக்காட்டக்கூடிய அளவு அதுதான். நல்ல யந்திரம், நல்ல இடம் என்றால் அதில் பாதிக்கும் குறைவானதும் தெரியும். இன்னும் பத்தே தடவை இரட்டித்தால் ஒரு கிலோ. உடம்பு தாங்காது. புத்தகக் கணக்குதான் இது. நிஜத்தில் செல்கள் சாகவும் செய்கின்றன, எல்லாம் சீராக இரட்டிப்பதும் இல்லை. ஆனால் சரித்திரத்தின் முக்கால் பங்கு, படம் எடுக்க முடியாத காலத்தில் நடந்து முடிந்துவிடுகிறது என்ற அளவில் கணக்கு சரி. 'ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம்' என்ற வாக்கியத்தை இதற்குப் பிறகு என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. யாருடைய ஆரம்பம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அளவாவது காலப்போக்கில் கூடிவிடும். வடிவம் இல்லாத புற்றை என்ன செய்வது? செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் ஈ-கேதெரின் என்ற புரதம் இருக்கிறது. அது போய்விட்டால் செல்கள் கட்டியாகத் திரளாது. தனித்தனியாக, சில சமயம் ஒற்றை வரிசையாக, இருக்கிற திசுவின் சந்துகளில் நுழைந்து நடந்து போகும். மார்பகத்தில் வரும் லோபுலர் வகைப் புற்று இப்படிப்பட்டது. மாமோகிராம் பொதுவாகவே எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் புற்றைத் தவறவிடுகிறது என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சொல்கிறது. அடர்ந்த மார்பகத்திலும் இந்த லோபுலர் வகையிலும் தவறவிடும் வாய்ப்பு இன்னும் கூடுதல். இரைப்பையிலும் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. புண்ணோ கட்டியோ இல்லாமல் சுவருக்குள்ளேயே பரவி, இரைப்பையை விறைத்த தோல்பைபோல் ஆக்கிவிடும். அதனால்தான் இரண்டு இட்லி.

ஐப்பசியில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். குழாய் வழியாகக் காற்றை ஊதினாலும் இரைப்பை விரிந்து கொடுக்கவில்லை என்று அந்த டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. உள்தோல் பார்வைக்கு அநேகமாகச் சரியாக இருந்தது. கிள்ளி எடுத்த துணுக்கில் நாட்பட்ட அழற்சி என்று மட்டும் பதில் வந்தது. புற்று உள்தோலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தால் மேலே கிள்ளுவதில் பயனில்லை. அவர் விடவில்லை. இரண்டாம் தடவை ஒரே இடத்தில் மேலும் மேலும் கிள்ளி, கிணறு தோண்டுவதுபோல் கீழே போனார். 'சிக்னெட் ரிங் செல்' என்று பதில் வந்தது. செல்லுக்குள் சளிபோன்ற திரவம் நிரம்பி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால், பார்ப்பதற்கு முத்திரை மோதிரம்போல் இருக்கும். பெயர் வைத்தவருக்குப் படிமம் கைவந்திருக்கிறது.

இந்த டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் படத்தை நம்பாமலும் இல்லை, படத்தோடு நின்றுவிடவும் இல்லை. காற்றுக்கு விரியவில்லை என்பது கையில் உணர்ந்த செய்தி, கண்ணில் பட்டதல்ல. ஒரு கவிதையின் வரிகளெல்லாம் ஒழுங்காக இருந்தும் எங்கோ மூச்சு முட்டுகிறதே என்று நிற்கிறவனைத்தான் நான் விமர்சகன் என்பேன்.

பிறகு தஞ்சாவூரில் சி.டி. சுவர் தடித்திருக்கிறது, கல்லீரலில் ஒன்றுமில்லை, பரவியதற்கு அடையாளம் காணப்படவில்லை. சென்னையில் பெட். இதில் கதிர்வீசும் ஃபுளோரின் ஒட்டிய சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். அந்த ஃபுளோரினுக்கு ஆயுள் கொஞ்சம். 110 நிமிஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் கரைந்துகொண்டே போகும். புற்றுச் செல்கள் சர்க்கரையை அபரிமிதமாக விழுங்குகின்றன என்று 1920களில் வார்பர்க் கண்டதுதான் இதற்கு அடிப்படை. எங்கே விழுங்குகிறதோ அங்கே படம் ஒளிரும். ஆனால் மூளையும் எப்போதும் ஒளிரும், அதற்குச் சர்க்கரைதான் ஆகாரம். மூத்திரப்பை ஒளிரும். காசநோய்க் கட்டியும் ஒளிரும். நம்மைப் போன்ற காசநோய் தேசத்தில் ஒளிர்வதையெல்லாம் புற்று என்று படித்துவிட முடியாது. மறுபக்கம், சில புற்றுகள் ஒளிர்வதே இல்லை. சிக்னெட் ரிங் வகை அந்த ஜாதி. சளி நிரம்பிய, சிதறிக் கிடக்கிற அந்தச் செல்களுக்குச் சர்க்கரைப் பசி குறைவு.

அத்தையின் படத்தில் இரைப்பையிலேயே மங்கலாகத்தான் ஒளி இருந்தது. மற்ற இடங்களில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் தங்கை போனில் அழுதாள். 'பெரிய ஸ்கேன்லயும் வேற எங்கயும் ஒண்ணும் இல்லையாம் அத்தை' என்று நான்தான் சொன்னேன். அவள் தட்டை ஒதுக்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: 'படத்துல ஒண்ணும் இல்லேங்கறாங்க. சோத்துல இருக்கே தம்பி.'

தை மாதம் ஆபரேஷனுக்கு முன்னால் தொப்புளருகே சின்னத் துளையிட்டுக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். இரைப்பைப் புற்றில் பெரிய ஆபரேஷனுக்கு முன்பு இப்படிப் பார்த்துவிடுவது நல்ல இடங்களில் வழக்கம். படங்கள் தவறவிடுவது எது என்று தெரிந்ததால் ஏற்பட்ட வழக்கம். வயிற்றின் உள்ளுறை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். 'ரவையைத் தூவின மாதிரி' என்றார் சர்ஜன். ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர். அந்த அளவை சி.டி.யும் பார்க்காது, பெட்டும் பார்க்காது. இரைப்பையை எடுப்பதில் இனி அர்த்தமில்லை என்று துளையைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். வைகாசியில் இறந்தாள்.

முதல் ஸ்கேனிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வகைக்கு ஆவணியிலேயே ரவை தூவியிருக்கலாம். ஆகவே இது 'மூன்று மாதம் முன்னால் பார்த்திருந்தால்' என்ற வகைப் புலம்பல் அல்ல. அந்த மூன்று மாதம் அவளுக்கு வேறு விதத்தில் கழிந்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. தன் வயிறு சொன்னதைத் தானே நம்பாமல், எல்லாம் மனப்பிரமை என்ற பட்டத்தோடு, 'ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே' என்று வீட்டுக்கு வந்தவரெல்லாம் சொல்லக் கேட்டுக்கொண்டு, இரண்டாவது இட்லியைக் கட்டாயமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். படம் அவளைப் பொய்யாக்கிற்று. அதற்குத்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

படிப்பவரின் எல்லை என்று ஒன்றும் இருக்கிறது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிதைகளை ஆசிரியர் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்ன பரிசோதனையை 1929ல் புத்தகமாக்கியது நமக்குத் தெரியும். டன்னும் ஹாப்கின்ஸும்கூட அதில் அடி வாங்கினார்கள். பிரதியை மட்டும் கொடுத்தால் நல்ல படிப்பாளிகளும் தடுமாறுவார்கள் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது பிரதியை மட்டும் பார் என்ற கட்டளையை. அத்தையின் ஸ்கேன் சீட்டில் 'வயிற்று வலி' என்று இரண்டு வார்த்தை. வலி அவள் சொல்லாத ஒன்று. இளைத்ததும் இட்லியும் அந்தச் சீட்டில் இல்லை. படம் பார்த்தவர் ஆசிரியர் பெயரில்லாத கவிதையைப் படித்தார்.

பெயரும் விவரமும் இருந்தாலும் கண் ஏமாறும். அமெரிக்காவில் ட்ராஃப்டன் ட்ரூ என்பவரும் சகாக்களும் 2013ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று. 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துச் சிறு முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தொகுதியில், சராசரி முடிச்சைப்போல் 48 மடங்கு பெரிய ஒரு கொரில்லா உருவத்தை ஒட்டிவைத்தார்கள். 20 பேர் பார்க்கவில்லை. அவர்கள் கண் எங்கெங்கே போயிற்று என்பதையும் யந்திரம் குறித்துக்கொண்டிருந்தது. பார்க்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண் கொரில்லாமீதே போய் நின்றிருக்கிறது. இதை ரேடியாலஜிஸ்டுகளின் திறமைக்குறைவு என்று சொல்லுவது மடத்தனம். முடிச்சைத் தேடப் பழகிய கண் முடிச்சைத் தேடுகிறது. உருவகம் தேடுகிற விமர்சகன் உருவகத்தைக் கண்டுபிடிப்பான். வர்க்கம் தேடுகிறவன் வர்க்கத்தை. நடுவில் நிற்கிற மிருகத்தை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் பிழைப்பும் இதுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் கிளியரிங்கில் செக் வருவதில்லை. செக்கின் படம் வருகிறது. 2011ல் சென்னைக்கு வந்த முறை, இப்போது எங்கும் அதுதான். செக் ஒன்றுக்கு மூன்று படம். காகிதத்தைத் தடவிப் பார்க்கவோ வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கவோ வழியில்லை. திரையில் ஒரு பக்கம் செக்கின் கையெழுத்து, மறு பக்கம் இருபது வருஷத்துக்கு முன்பு கொடுத்த ஸ்பெசிமன். பென்ஷன்காரர்களின் கை நடுங்கத் தொடங்கியிருக்கும். கொஞ்சம் மாறினாலும் திருப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு கிழவரின் நியாயமான செக் திரும்பி, அவர் வெயிலில் கிளைக்கு வந்து நிற்பார். தாராளமாகப் பாஸ் செய்தால் என்றைக்காவது கள்ளக் கையெழுத்து போய்விடும். கோட்டை எங்கே போட்டாலும் ஒரு பக்கம் யாராவது அடிபடுவார்கள். கடைசியில் ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியிலிருந்து, 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு, எழுதியவரே முன்கூட்டி விவரம் சொல்லிவிடுகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. படம் போதாது, எழுதினவரைக் கேள் என்பதுதான் அதன் சாரம். ரேடியாலஜி ரிப்போர்ட்டுகளின் அடியில் 'கிளினிக்கலி கோரிலேட்' என்று ஒரு வழக்கமான வரி வரும், நோயாளியோடு ஒப்பிட்டுக்கொள்ளவும் என்று. அதே விஷயம். தலைப்புக் காகிதத்தில் அச்சடித்த முகவரியைப்போல் அதை யாரும் படிப்பதில்லை.

கோட்டைக் கீழே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 53,454 பேரை வைத்து நடத்தி 2011ல் வெளியான ஆய்வில், புகைபிடிப்பவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்ததால் நுரையீரல் புற்றுச் சாவு 20 சதம் குறைந்தது. மறுக்க முடியாத லாபம். அதே ஆய்வில் சி.டி. 'சந்தேகம்' என்று காட்டியவற்றில் 96 சதத்துக்குச் சற்று மேல் புற்றே இல்லை. தென் கொரியாவில் 1999க்குப் பிறகு பொதுப் பரிசோதனை பரவலானபோது, கூடவே தைராய்டுக்கும் அல்ட்ராசவுண்ட் எடுப்பது சகஜமாயிற்று. 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு தைராய்டுப் புற்று 2011ல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புற்றால் செத்தவர் தொகை மாறவில்லை. படம் கண்டது பொய்யல்ல. மைக்ராஸ்கோப்பிலும் அது புற்றுதான். ஆனால் அவர்களில் அநேகம் பேரைக் கொல்லாமல் கடைசிவரை அவர்களோடு கிடந்திருக்கக்கூடிய புற்று. சுரப்பியை எடுத்து, ஆயுசு முழுக்க மாத்திரையோடு அனுப்பினார்கள். இருப்பதைப் பார்க்காததும், பார்த்ததன் தாத்பரியம் தெரியாததும் ஒரே எல்லையின் இரண்டு ஓரங்கள். படம் ஒரு க்ஷணத்தைக் காட்டுகிறது. புற்று என்பது ஒரு போக்கு. நிற்கிற ஒன்றிலிருந்து போகிற ஒன்றை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஸ்கேன் வேண்டாம் என்று யாராவது முடிவு கட்டினால் நான் பொறுப்பல்ல. அந்த யந்திரங்களால் பிழைத்தவர்கள் என் கிளையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் கேட்பது சின்னது. பிரதியை முழுக்கப் படியுங்கள். எது பார்க்கப்பட்டது என்பதோடு எது பார்க்கப்படவில்லை என்பதையும் கேளுங்கள். நாவு சொல்வதும் சோறு சொல்வதும் படத்துக்குக் கீழ்ப்பட்ட சாட்சியங்கள் அல்ல.

வார்த்தை பற்றிக் கடைசியாக ஒன்று. 'ஒண்ணுமில்லை' என்று நாம் சொல்லும்போது, இல்லாமையை ஸ்தாபித்துவிடுகிறோம். தமிழில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது: காணோம். சாவியைக் காணோம் என்கிறவன் சாவி உலகத்தில் இல்லை என்று சொல்லுவதில்லை. நாங்கள் பார்த்தோம், எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை, தேட வேண்டியிருக்கலாம் என்கிறான். பார்த்தவனையும் பார்வையின் குறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிற வினை. ஆவணி மாதம் அந்த மாடி அறையிலிருந்து இறங்கி வந்தவளிடம், 'இந்தப் படத்துல ஒண்ணையும் காணோம்மா' என்று யாராவது சொல்லியிருந்தால், அடுத்து எங்கே தேடுவது என்று அவளே கேட்டிருப்பாள். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் காணாமல் போன ஃபைல்களைத் தேடியவள் அவள்.